சால் என்று பெயர் வைத்த செய்தித்தாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பத்திரிகைச் சுதந்திரம் குறித்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, இஸ்தான்புல் நகரிலிருந்து வெளிவரும் ‘ஆகோஸ்’ என்னும் ஆர்மீனியர் வார இதழையும், 2007இல் சுட்டுக் கொல்லப்பட்ட அதன் ஆசிரியர் ஹ்ராந்த் டிங்கையும் ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்தப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*தஞ்சாவூர் வாசகர்: ‘ஆகோஸ்’ என்றால் என்ன பொருள்? அது யாருக்காக நடத்தப்படும் பத்திரிகை?*

ஏர் பூட்டி உழும்போது கொழு மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும் தடத்தை உங்கள் ஊரில் சால் என்பீர்கள் அல்லவா, அதுதான் ஆகோஸ். துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் ஆர்மீனிய உழவரும் துருக்கிய உழவரும் பொதுவாகப் புழங்கிய சொல் என்பதற்காகவே அதைப் பெயராகத் தேர்ந்தார்கள். 1996 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமையன்று முதல் இதழ் வந்தது. பெரும்பாலான பக்கங்கள் துருக்கிய மொழியிலும் சில பக்கங்கள் ஆர்மீனிய மொழியிலும் அமைந்தன.

துருக்கியில் இன்று ஆர்மீனியர் என்று தம்மை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வோர் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 பேர்தாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்தான்புல்லில் வாழ்கிறார்கள். ஒட்டோமான் பேரரசின் கடைசிக் காலத்தில் பல லட்சமாக இருந்த சமூகம் 1915இல் தொடங்கிய நாடுகடத்தல்களாலும் படுகொலைகளாலும் இந்த அளவுக்குச் சுருங்கியது. வரலாற்றறிஞர்களில் பெரும்பாலோர் அதை இனப்படுகொலை என்கிறார்கள். துருக்கி அரசு இன்றுவரை அச்சொல்லை ஏற்கவில்லை. அந்த ஒரு சொல்லை அச்சில் ஏற்றலாமா கூடாதா என்பதுதான் அந்நாட்டின் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு நெடுங்காலம் உரைகல்லாக இருந்து வந்தது.

ஆனால் ஆகோஸ் அதை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை அன்று. பள்ளிக்கூடம், தேவாலயம், கல்யாணம், சாவு, சமூக அறக்கட்டளைகளிடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட சொத்துகள் என்று ஒரு சிறு சமூகத்தின் அன்றாடமே அதில் நிறைந்திருந்தது. இஸ்தான்புல்லை அடுத்த தூஸ்லாவில் ஆர்மீனிய அனாதைப் பிள்ளைகளுக்கான கோடைகால முகாம் ஒன்று இருந்தது. அதன் கட்டடத்துக்காக மண் சுமந்த சிறுவர்களில் டிங்கும் ஒருவர். 1936இல் அறக்கட்டளைகள் கொடுத்த சொத்துப் பட்டியலில் அந்த நிலம் இல்லை என்பதைக் காரணம் காட்டி, 1980களில் அது பறிக்கப்பட்டது. 2015இல் இடிக்க வந்த இயந்திரத்தை இளைஞர்கள் மறித்து, மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் போராடிய பிறகுதான் அந்த இடம் திரும்பக் கிடைத்தது.

*மதுரை வாசகர்: அங்கே ஏற்கெனவே ஆர்மீனியப் பத்திரிகைகள் இருந்திருக்குமே. சிறிய சமூகத்துக்கு இன்னொன்று எதற்கு? அதுவும் பெரும்பான்மையினரின் மொழியில்?*

இருந்தன. ‘ஜாமானாக்’ நாளிதழ் 1908 முதலும் ‘நோர் மர்மரா’ 1940 முதலும் வெளிவருகின்றன. இரண்டும் ஆர்மீனிய மொழி ஏடுகள். ஆனால் அனத்தோலியாவின் உட்பகுதிகளிலிருந்து இஸ்தான்புல் வந்து சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த மொழியே கைநழுவிப் போயிருந்தது, ஏனென்றால் அவர்கள் வாழ்ந்த ஊர்களில் ஆர்மீனியப் பள்ளிக்கூடம் என்று ஒன்று மிஞ்சவில்லை. டிங்கின் மனைவி ராகெல் சிறுமியாக இஸ்தான்புல்லுக்கு வந்தபோது குர்து மொழி மட்டுமே அறிந்திருந்தார். துருக்கிய மொழியையும் தம் தாய்மொழியாக இருந்திருக்க வேண்டிய ஆர்மீனியத்தையும் அவர் அங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். இப்படிப்பட்டவர்களுக்கு யாரேனும் அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் எழுத வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1990களின் துருக்கியப் பெரும்பத்திரிகைகளில் ‘ஆர்மீனியன்’ என்பது வசைச்சொல்லாகப் புழங்கியது. அதற்கு ஆர்மீனிய மொழியில் மறுப்பு எழுதினால், ஏற்கெனவே உண்மை தெரிந்தவர்கள் மட்டுமே அதைப் படிப்பார்கள். அடுத்த வீட்டுக்காரனுக்குக் கேட்க வேண்டுமானால் அவன் மொழியில்தான் பேச வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் தடை ஏதுமில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு துருக்கி நேச நாடுகளோடு செய்துகொண்ட 1923ஆம் ஆண்டு லொசான் உடன்படிக்கையின் 39ஆம் பிரிவு, துருக்கியக் குடிமக்கள் எந்த மொழியையும் பத்திரிகையிலும் வெளியீடுகளிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்கிறது. (அதே உடன்படிக்கை இருந்தும் குர்து மொழி வெளியீடுகளுக்கு 1991 வரை சட்டத்திலேயே தடை இருந்தது என்பது தனிக்கதை.) ஒரு சிறுபான்மை ஏடு தன் எழுத்தில் தனக்குள் பேசிக்கொண்டிருக்கும்வரை அதிகாரம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, அது வாசலைத் தாண்டிப் பேசத் தொடங்கும்போதுதான் சங்கடம் வருகிறது. ஆகோஸுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

*கோயம்புத்தூர் வாசகர்: டிங்க் அப்படி என்னதான் எழுதினார்? தண்டனை பெறும் அளவுக்கு ஒரு சொற்றொடர் இருக்க முடியுமா?*

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதப்பட்டது ஒன்று, படிக்கப்பட்டது வேறொன்று.

2003இன் இறுதியில் தொடங்கி ஆர்மீனிய அடையாளத்தைப் பற்றி டிங்க் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். உலகெங்கும் சிதறி வாழும் ஆர்மீனியர்களை நோக்கி அவர் சொன்னது இதுதான்: துருக்கியன் மீதான வெறுப்பையே உங்கள் அடையாளத்தின் மையமாக வைத்திருக்கிறீர்கள், அது உங்கள் ரத்தத்தில் ஏறிய விஷம், அதை வெளியேற்றிவிட்டு ஆர்மீனியாவோடு ஏற்படுத்திக்கொள்ளும் உறவால் அந்த இடத்தை நிரப்புங்கள். தன் இனத்தாரைக் கண்டிக்கும் இந்த வாசகத்தில், விஷம் என்பது ஆர்மீனியர் மனத்திலுள்ள ஒரு நோய். வழக்குத் தொடுத்தோரோ துருக்கியரின் ரத்தமே விஷம் என்று அவர் எழுதிவிட்டதாகப் படித்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர் குழுவே கட்டுரைகளை முழுமையாகப் படித்து, இதில் குற்றமில்லை என்று அறிக்கை கொடுத்தது. அப்படியிருந்தும் 2005 அக்டோபரில், ‘துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தினார்’ என்று கூறி ஆறு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தண்டனைச் சட்டத்தில் முன்பு 159ஆம் பிரிவாக இருந்து 2005 முதல் 301ஆம் பிரிவான சட்டம் அது. நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக் மீதும் அதே பிரிவில் வழக்குப் போடப்பட்டது. உலகத்தின் கண்கள் அவர்மேல் இருந்தன, வழக்குக் கைவிடப்பட்டது.

ஆறு மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது, இதில் என்ன பெரிய கொடுமை என்று நீங்கள் கேட்கலாம். டிங்கை வருத்தியது சிறை அன்று. கூட வாழும் மக்களை இழிவுபடுத்தியவன் என்று நீதிமன்ற முத்திரையோடு தன்னைச் சுட்டிவிட்டார்களே என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

*திருச்சிராப்பள்ளி வாசகர்: சில ஆயிரம் பிரதிகள் விற்கும் ஒரு சிறு பத்திரிகைமீது அரசுக்கு ஏன் அத்தனை கோபம்?*

இதற்கு டிங்கே விடை எழுதி வைத்திருக்கிறார். கொல்லப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் வந்த பத்தியில், தான் ஏன் இலக்காக்கப்பட்டேன் என்று நாள்வாரியாக அடுக்கிக் காட்டினார்.

நவீன துருக்கியை நிறுவிய அத்தாதுர்க்கின் வளர்ப்பு மகளும் துருக்கியின் புகழ்பெற்ற பெண் போர் விமானியுமான சபிஹா கோக்சென், உண்மையில் ஆர்மீனிய அனாதைக் குழந்தை என்று அவருடைய உறவினர் எனக் கூறிக்கொண்ட ஒருவரின் பேட்டியை 2004 பிப்ரவரி 6 அன்று ஆகோஸ் வெளியிட்டது. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரி 21 அன்று ‘ஹுர்ரியெத்’ என்னும் பெரிய நாளிதழ் அதை எடுத்து முதல் பக்கத்தில் போட்டது. மறுநாளே ராணுவத் தலைமையகம் கண்டன அறிக்கை விட்டது. அதற்கடுத்த நாள்களில் டிங்கை மாகாண ஆளுநர் அலுவலகத்துக்கு அழைத்து, அங்கிருந்த அதிகாரியின் ‘உறவினர்கள்’ என்று அறிமுகப்படுத்தப்பட்ட இருவர் முன்னிலையில் பார்த்து எழுதுமாறு எச்சரித்தார்கள். வார இறுதிக்குள் ஆகோஸ் அலுவலக வாசலில் தேசியவாதிகள் கூடி முழக்கமிட்டார்கள். அதன் பிறகுதான் மேலே சொன்ன ‘விஷ ரத்தம்’ வரி தேடி எடுக்கப்பட்டது.

தேதிகளைக் கவனியுங்கள். செய்தி அதேதான், சிறிய ஏட்டில் இருந்தபோது அது யாரையும் சுடவில்லை. பெரும்பான்மை வீட்டின் காலைத் தேநீரோடு மேசைக்கு வந்தபோதுதான் சுட்டது.

*சென்னை, சட்டக் கல்லூரி மாணவி: அரசு ஆகோஸைத் தடை செய்யவில்லை, கொன்றவர் ஒரு தனி மனிதர். அப்படியானால் இதைப் பத்திரிகைச் சுதந்திரப் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?*

நல்ல கேள்வி, ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதே கேள்விக்குத்தான் விடை தேடியது.

2007 ஜனவரி 19 அன்று பிற்பகல் மூன்று மணியளவில், ஹலாஸ்கர்காஸி சாலையில் அலுவலக வாசலில் டிங்க் பின்னாலிருந்து சுடப்பட்டார். சுட்டவனுக்கு வயது 17, கருங்கடல் கரையிலுள்ள திராப்ஸோன் நகரிலிருந்து வந்தவன். நடைபாதையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த உடலின் படத்தில், துணிக்கு வெளியே தெரிந்த காலணியின் அடிப்பாகத்தில் ஓர் ஓட்டை இருந்தது. வெளிநாட்டுப் பணத்தில் கொழிப்பவர் என்று அவரைத் தூற்றிக்கொண்டிருந்த நாட்டில், அந்தப் படம் பலருடைய வாயை அடைத்தது. நான்கு நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் துருக்கியர், ‘நாங்கள் அனைவரும் ஹ்ராந்த் டிங்க், நாங்கள் அனைவரும் ஆர்மீனியர்’ என்ற பலகைகளைச் சுமந்து நடந்தார்கள். இன்னொரு படமும் வெளிவந்தது: பிடிபட்ட கொலையாளி துருக்கியக் கொடியை ஏந்தி நிற்க, பாதுகாப்புப் படையினர் இருபுறமும் நின்று எடுத்துக்கொண்ட படம்.

கொலைத் திட்டம் பற்றி திராப்ஸோன், இஸ்தான்புல் ஆகிய இரு இடங்களின் பாதுகாப்புத் துறையினருக்கும், தூண்டியவர்கள் யார் என்பது உட்பட, முன்கூட்டியே தகவல் வந்திருந்தது, யாரும் அசையவில்லை. 2010 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பில், அவருடைய உயிர்வாழும் உரிமையைத் துருக்கி காக்கத் தவறியது என்றும், கருத்துரிமையை மீறியது என்றும், பின்னர் முறையாக விசாரிக்கவும் தவறியது என்றும் நீதிமன்றம் கூறியது. உங்கள் கேள்விக்கு இரண்டாவது பகுதிதான் விடை. ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துத் தீவிரவாதிகளின் கண்ணில் இலக்காக்கிவிட்டு, பிறகு பாதுகாப்பும் கொடுக்காமல் விடுவது கருத்துரிமை மீறலே என்று அது கருதியது. இதற்கு முன்னோடியாக, குர்துச் சார்பு நாளிதழான ‘ஓஸ்குர் குந்தெம்’ தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டு வந்த தீர்ப்பும் உண்டு. அதன் செய்தியாளர்களும் விற்பனையாளர்களும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டபோது அரசு சும்மா இருந்தது. அரசு கை வைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, பத்திரிகையைப் பிறர் கையிலிருந்து காப்பதும் அதன் கடமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. படிப்பவர் என்பதால் இரண்டு தீர்ப்புகளையும் தேடிப் படியுங்கள்.

உள்நாட்டில் வழக்கு நத்தை வேகத்தில் நகர்ந்தது. 2012இல் பின்னணியில் அமைப்பு எதுவும் இல்லை என்று ஒரு நீதிமன்றம் கூறியது, அது நிற்கவில்லை. 2021இல் காவல்துறையின் முன்னாள் உளவுப்பிரிவுத் தலைவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சுட்டவன் 2023 நவம்பரில் நன்னடத்தையின் பேரில் வெளியே வந்துவிட்டான். ஆனால் மற்றொரு வழக்கு வேகமாகவே முடிந்திருக்கிறது. டிங்க் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்கு 1915ஐ இனப்படுகொலை என்று கூறியதை மறுபிரசுரம் செய்ததற்காக, அவருடைய மகன் அராத்துக்கும் இதழின் உரிமையாளராகப் பதிவாகியிருந்த சார்கிஸ் செரோப்யானுக்கும், கொலை நடந்த ஒன்பதே மாதத்தில், அதே 301ஆம் பிரிவில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை விதிக்கப்பட்டது.

*புதுச்சேரி வாசகர்: சொந்தச் சமூகம் அவரைக் கொண்டாடியிருக்குமே?*

எல்லா நேரமும் கொண்டாடவில்லை. ஆர்மீனியத் திருச்சபைத் தலைமையகத்தின் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டதால் அங்கே உறவு கசந்தது. பயந்து பழகிய பெரியவர்கள், தம்பி, இத்தனை சத்தம் வேண்டாம் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டு ஆர்மீனியர் சிலருக்கு அவர் துருக்கியரோடு உரையாடல் பேசுபவர் என்ற வருத்தம்.

2006இல் ஆர்மீனிய இனப்படுகொலையை மறுப்பதைக் குற்றமாக்கும் மசோதாவைப் பிரான்ஸ் கொண்டுவந்தபோது, அந்தச் சட்டம் நிறைவேறினால் தானே பிரான்சுக்குப் போய், தன் நம்பிக்கைக்கு எதிராக, இனப்படுகொலை நடக்கவில்லை என்று சொல்லி அதை மீறப்போவதாக டிங்க் அறிவித்தார். துருக்கியில் ஒன்றைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டவர், பிரான்சில் அதற்கு நேர்மாறானதைச் சொல்லும் உரிமைக்காகவும் தண்டனை ஏற்கத் தயாராக இருந்தார். தன் கருத்துக்குச் சுதந்திரம் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

*சிவகாசி, ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்: இத்தனை சிறிய வாசகர் கூட்டத்தை வைத்துக் காகிதச் செலவாவது கட்டுமா?*

தொழில் தெரிந்தவர் கேள்வி. கட்டாது. சந்தா, சமூகத்துக் கடைக்காரர்களின் விளம்பரம், மரண அறிவிப்பு, நன்கொடை என்றுதான் வண்டி ஓடுகிறது. துருக்கியில் அரசு விளம்பரங்களைப் பங்கிட 1961 முதல் தனி நிறுவனம் உண்டு. ஆனால் ஊழியர் எண்ணிக்கை, விற்பனை என்று அது வைக்கும் நிபந்தனைகளைச் சிறுபான்மை ஏடுகள் எட்டுவது அரிது. யூதர்களின் ‘ஷாலோம்’ வார இதழ் 1947இல் தொடங்கியது. இன்று அதுவும் பெரும்பாலும் துருக்கிய மொழியில் வருகிறது, ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்களின் லதீனோ மொழிக்குச் சிறிது இடம் விட்டு. 1925 முதல் வரும் கிரேக்க நாளிதழ் ‘அப்போயெவ்மாதினி’யின் விற்பனை சில நூறு பிரதிகள்தாம், நகரில் எஞ்சிய கிரேக்கர்களே ஓரிரண்டாயிரம் பேர் என்பதால், ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வார்கள். 2011இல் அது மூடும் நிலைக்கு வந்தபோது, கிரேக்க எழுத்தே தெரியாத துருக்கியர் பலர் சந்தா கட்டிக் காப்பாற்றினார்கள்.

*யாழ்ப்பாணம் வாசகர்: இஸ்தான்புல் வரை போக வேண்டுமா ஐயா? எங்கள் ‘உதயன்’ பட்டது போதாதா?*

உங்கள் கோபம் நியாயமானது. 2006 மே 2 அன்று இரவு ஆயுததாரிகள் யாழ்ப்பாணத்து உதயன் நாளிதழின் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த ஆண்டு யுனெஸ்கோ அதைக் கொழும்பில் கொண்டாடியது. 2013 ஏப்ரலில் கிளிநொச்சி அலுவலகம் தாக்கப்பட்டது. பத்து நாளில் யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரம் எரிக்கப்பட்டது. அதன் பிறகும் பத்திரிகை நிற்கவில்லை.

உங்கள் கடிதம் என்னுடைய வாதத்தையும் திருத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் மொழியில் தனக்குள் பேசும் ஏட்டை அதிகாரம் கண்டுகொள்ளாது என்று மேலே எழுதினேன். உதயன் தமிழில் தமிழரோடுதான் பேசியது, அப்படியும் தாக்கப்பட்டது. இஸ்தான்புல் ஆர்மீனியர் ஒரு நகரத்தின் ஓரத்தில் ஒதுங்கிவிட்ட சிலர்; உதயனின் வாசகரோ ஒரு நிலப்பரப்பின் பெரும்பான்மையினர், அதுவும் போர் நடந்த நிலம். மொழியைவிட, படிப்பவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்ற அச்சமுமே கணக்கில் எடுக்கப்படுகின்றன என்று மாற்றிச் சொல்வதே சரியாக இருக்கும்.

*சென்னை, மண்ணடி வாசகர்: எங்கள் பகுதியில் ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. இங்கேயும் அவர்கள் பத்திரிகை நடத்தினார்கள் என்பது உண்மையா?*

உண்மைதான், உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையே உங்கள் பேட்டையில்தான் அச்சானது. ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்த பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோன்யான், 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைச் சென்னையில் தொடங்கினார். வணிகச் செய்தி, கப்பல் வரவு, ஆர்மீனியர் வாழும் நாடுகளின் நடப்பு எல்லாம் வந்த அந்த இதழ், 18 இதழ்களோடு 1796இல் நின்றுபோனது. இஸ்தான்புல்லில்கூட அப்போது ஆர்மீனியருக்குப் பத்திரிகை இல்லை.

தேவாலயம் இருக்கும் தெருவை ஆங்கிலேயர் ஆர்மீனியர் பெயரால் அழைத்தார்கள். நம்மவர் காதில் ‘ஆர்மீனியன்’ விழுந்த விதத்தில் அது அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது, அரண்மனை எதுவும் அங்கே இல்லை. 1772இல் கட்டப்பட்ட தேவாலயத்தின் வளாகத்தில் ஷ்மாவோன்யானின் கல்லறை இருக்கிறது. வெளியே தள்ளுவண்டிகளும் ஒலிப்பான்களும் ஓயாத தெருவிலிருந்து உள்ளே நுழைந்து, அந்தக் கற்களில் செதுக்கியிருந்த எழுத்துகளை ஒருமுறை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை.